எழுதாத தேர்வுக்கு அறுபத்திரண்டு

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் மின்மணி அடிக்கவில்லை. ஏதோ கோளாறு. அலுவலக எழுத்தர் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே போனார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தலைமையாசிரியை நாற்காலியில் நான் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை நான் செய்த எந்தக் காரியத்துக்கும் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

பதினோரு மணிக்குப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலை இன்றுதான் வகுப்பில் ஒட்டியிருக்கிறார்கள்.

"மேடம், வரலாற்றுல எனக்கு அறுபத்திரண்டு போட்டிருக்கு."

"கூட்டல்ல தப்பா?"

"இல்ல மேடம். நான் பரீட்சையே எழுதல. அன்னிக்குக் கன்னம் ரெண்டும் வீங்கி வீட்டுல படுத்திருந்தேன்."

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். உண்மைதான். வரவில்லை.

"போன தடவை விழுந்து விழுந்து படிச்சேன் மேடம், அம்பத்தெட்டு. இந்தத் தடவை படிக்கவும் இல்ல, எழுதவும் இல்ல, அறுபத்திரண்டு. அப்போ அடுத்ததும் எழுதாம இருந்துடட்டுமா?"

சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசனை கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

அவள் போன பிறகுதான் அது யாருடைய பாடம் என்று உறைத்தது. பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவர் என் அண்ணி. என் கணவரின் கூடப்பிறந்த அக்கா. எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். தன் தம்பிக்கு என்னைப் பார்த்து முடித்தவரும் அவர்தான், மறு வருடமே என்னை இந்தப் பள்ளிக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் தினமும் பள்ளிக்கு வருகிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பட்டியல் மார்ச் ஆறாம் தேதிக்குள் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேல்வகுப்பில் யாருக்கு எந்தப் பிரிவு என்பதையே இந்த மதிப்பெண்கள்தான் முடிவு செய்யும்.

நகலெடுக்கும்போது வரி மாறியிருக்கும். வேறென்ன? 62-ஐ அடித்து "வரவில்லை" என்று எழுதினேன். ஓரத்தில் "எழுதுகையில் நேர்ந்த பிழை" என்று போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிந்தது விஷயம்.

வேறு ஒரு ஆசிரியராக இருந்தால் கேட்காமல் விட்டிருப்பேனா? — இந்தக் கேள்வியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

முடியவில்லை விஷயம்.

எழுத்தர் ஒரு விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கட்டை மேசைமேல் வைத்தார். பத்தாம் வகுப்பு, வரலாறு, நாற்பத்திரண்டு தாள்.

"மேடம், இது என் முடிச்சு."

எனக்குப் புரியவில்லை. தேர்வு முடிந்ததும் தாள்களைச் சேர்த்து, துளை போட்டு, கயிறு கோத்துக் கட்டி, அதன்மேல் அறை எண் எழுதிய சீட்டை ஒட்டுவது அவர் வேலை. திருத்தியவர்கள் கயிற்றை வெட்டித்தான் தாளை எடுப்பார்கள். திருப்பித் தரும்போது ரப்பர் பேண்டோ, பழைய ரிப்பனோ, ஒரு தடவை ஷூ லேஸோ போட்டு வரும். இது அவர் கட்டியபடியே இருந்தது. சீட்டுகூடக் கிழியவில்லை.

"பிரிச்சுட்டுத் திரும்ப இதே மாதிரி கட்டியிருக்கலாமே?" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"என் முடிச்சை என் வீட்டுக்காரியாலயே அவிழ்க்க முடியாது மேடம். கத்திரிதான்."

மதியம் இரண்டு பேரும் பழைய பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தோம். ஒன்பதாம் வகுப்பின் முதல் தேர்வில் ஒரு எண். அடுத்ததில் அதோடு நாலு கூட்டியிருக்கும். அல்லது மூன்று கழித்திருக்கும். அடுத்ததிலும் அப்படியே. இரண்டு வருடம், எல்லாப் பிள்ளைகளுக்கும். ஒருத்தர்கூட ஐந்து ஏறவில்லை, ஒருத்தர்கூட இரண்டு இறங்கவில்லை. விழுந்து விழுந்து படித்தவளின் ஐம்பத்தெட்டும் அப்படி வந்ததுதான். ஐம்பத்துநாலும் நாலும்.

நான் நேற்று போட்ட சுருக்கொப்பம் பட்டியலில் பளிச்சென்று தெரிந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

அண்ணி வழி முழுக்கத் தன் பல்வலியைப் பற்றிப் பேசினார். பின்சீட்டிலிருந்து 'ம்' கொட்டிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே பயம்.

பிப்ரவரி 6, வெள்ளி

தலைமையாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர் தவறு செய்தால் முதலில் தனியாகப் பேசு, பிறகு எழுத்தில் கேள், பிறகு மேலே அனுப்பு. அழகான படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினார்கள். அந்த ஆசிரியரின் வண்டியில்தான் நீ வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்வது என்று எந்த அம்புக்குறியும் சொல்லவில்லை.

தனியாகப் பேசினேன். கட்டை முன்னால் வைத்தேன். அண்ணி பார்த்தார். மறைக்கவே இல்லை. சிரித்தார்!

"அட, பிரிக்காமலே குடுத்துட்டேனா? வழக்கமா கயிறையாவது வெட்டிடுவேன்."

"அண்ணி, படிக்காம எப்படி மார்க் போட்டீங்க?"

"இருபத்தாறு வருஷம்மா. அதே கேள்வி, அதே பதில். எந்தப் பிள்ளை எதை எழுதும்னு எழுதறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஒழுங்கா இருந்தா நாலு கூட்டுவேன். சேட்டை பண்ணினா மூணு கழிப்பேன். யாராவது ஃபெயில் ஆயிருக்காங்களா, சொல்லு."

பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் போர்களைப் பற்றிச் சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னலில் தொங்குவார்கள். அந்த வாய்க்குள்ளிருந்து இது வருகிறது.

எழுத்தில் விளக்கம் கேட்கப்போகிறேன் என்றேன். அப்போதுதான் முகம் மாறியது.

"எனக்கு மெமோவா? நீயா? உன்னை இந்த ஸ்கூல் கேட்டுக்குள்ள கூட்டிட்டு வந்ததே நான்தான், ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஞாபகம் இருப்பதால்தானே இவ்வளவு அவஸ்தை!

பிப்ரவரி 8, ஞாயிறு

ஞாயிறு மதியம் எல்லோரும் கீழே எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். அண்ணி இறங்கி வரவில்லை. என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனார், அதே தட்டோடு கீழே வந்தார், நடுப் படியில் உட்கார்ந்து தானே சாப்பிட்டார்.

"நான் இன்னிக்கு யாருக்குத் தம்பி, யாருக்குப் புருஷன்னு சொல்லிடு. அதுக்கேத்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கறேன்."

"நீங்க எந்தப் பக்கம்?"

"பார்த்தா தெரியலையா? படிக்கட்டுப் பக்கம்."

சிரித்துவிட்டேன். பிறகு கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "அவ தப்புன்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சதாலதான் கத்தறா. நீ விட்டுக்குடுத்துட்டா அப்புறம் உன்னையும் மதிக்க மாட்டா." இந்த மனுஷன் வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஏதாவது சொல்லி என்னை மடக்கிவிடுகிறார்.

பிப்ரவரி 9, திங்கள்

'அறுபத்திரண்டு' என்று பெயரே வைத்துவிட்டார்கள் அந்தப் பெண்ணுக்கு. ஆசிரியர் அறை முழுக்க விஷயம் தெரியும். உடற்பயிற்சி ஆசிரியரை எல்லோரும் 'விசில்' என்பார்கள். அக்டோபரில் மூன்று நாள் கால்மணி நேரம் தாமதமாக வந்தார் என்று மெமோ கொடுத்தேன். இன்று வேண்டுமென்றே என் அறை வழியாகப் போனார்.

"மேடம், உங்க மெமோவை சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். பாவம், தனியா தொங்குது. துணைக்கு ஒண்ணு வருமா?"

கோபம் வந்தது. ஆனால் அந்த ஆள் கேட்டது நியாயம். அவருக்கு ஒரு சட்டம், என் வீட்டு மாடிக்கு ஒரு சட்டம் என்றால் நாளைக்கு நான் யாரைக் கேள்வி கேட்க முடியும்?

மாலையில் தாளாளரைப் பார்க்கப் போனேன். பள்ளியை நடத்துபவர், என் நாற்காலியில் என்னை உட்கார வைத்தவர். கூட வேலை செய்பவர் சொந்தக்காரர், இதை நான் விசாரிப்பது சரியல்ல, முடிவை நீங்கள் எடுக்க வேண்டும் என்றேன்.

"குடும்ப விஷயம்மா. வீட்டுலேயே பேசி முடிச்சுக்கோங்களேன். யாரும் புகார் குடுக்கலையே?"

"குடுத்திருக்காங்க சார். மார்க் அதிகமா வந்துடுச்சுன்னு."

இருமல் வரும்வரை சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு, சரி, மெமோ நீங்கள் கொடுங்கள், பதிலைப் பார்த்து முடிவை நான் சொல்கிறேன் என்றார். எழுந்தேன். உட்கார்ந்தேன். சொல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு என்னால் சாப்பிட முடிந்திருக்காது. என் சுருக்கொப்பத்தைப் பற்றியும் சொன்னேன். பிழை இல்லை என்று உள்ளூரத் தெரிந்தும் பிழை என்று எழுதியதைச் சொன்னேன்.

"அப்போ உங்களுக்கும் நான் ஒரு மெமோ குடுக்கணுமே," என்றார் விளையாட்டாக.

"குடுங்க சார்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பேருந்தில் வந்தேன். நாற்பது நிமிடம், நின்றுகொண்டே. ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மெமோவை நானே தட்டச்சு செய்தேன். "தாங்கள்" என்று போட நான்கு தடவை அடித்து அடித்துத் திருத்தினேன். பதினெட்டு வருடமாக "அண்ணி" என்று கூப்பிட்ட பழக்கம், விரல் வரமாட்டேன் என்கிறது. எழுத்தர் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்து நிமிடத்தில் உறையோடு திரும்பி வந்தது.

மெமோவையும் பிரிக்கவில்லை!

பிப்ரவரி 11, புதன்

இன்றும் பேருந்து. இன்றும் நின்றுகொண்டே. இன்றும் உறை பிரியாமல் எழுத்தரிடமே.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆசிரியர் கூட்டம். கண்டிப்பது எதுவானாலும் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும் என்பது என் கொள்கை, விசிலுக்கும் அப்படித்தான் செய்தேன். அதனால் அண்ணி பெயரை எடுக்கவில்லை. ஆனால் நான் செய்தது பட்டியலில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கிறது. தாளாளர் நேற்று எனக்குக் கொடுத்த மெமோவை எடுத்து முழுவதும் வாசித்தேன். "உண்மையை ஆராயாமல் மதிப்பெண் பட்டியலில் திருத்தம் செய்தமைக்கு..." என்று போகிறது. மனுஷர் நன்றாகவே எழுதுகிறார்.

விசில் தன் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கள் திங்கட்கிழமை முதல் புதிதாகத் திருத்தப்படும், இரண்டு பேர் படிப்பார்கள் என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணியின் குரல்:

"ஒரே வீட்டுக்கு ரெண்டு மெமோவா? என் தம்பி என்ன பாவம் பண்ணினான்?"

முதலில் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அண்ணி தானே சிரித்தார். அவ்வளவுதான், அறையே குலுங்கியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. கூட்டம் முடிந்ததும் நேராக எழுத்தரிடம் போய்த் தன் உறையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

வீட்டுக்குப் போகும்போது வண்டியை என் முன்னால் நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. "ஏறு. பஸ்ல நின்னு நின்னு கால் வீங்கினா அதுக்கும் ஒரு மெமோ எழுதுவே."

பிப்ரவரி 16, திங்கள்

எழுத்தர் கத்திரியைக் கொண்டுவந்து, ஏதோ திறப்பு விழா மாதிரி, அந்தக் கயிற்றை வெட்டினார். எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் இளம் ஆசிரியைதான் இரண்டாவது வாசிப்பு. அண்ணியிடம் படித்தவள். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"பயப்படாதே. தப்பா போட்டா கேளு. போடாமலே விட்டாலும் கேளு," என்றாராம் அண்ணி.

அறுபத்திரண்டுக்குத் தனித்தேர்வு வைத்தோம்.

பிப்ரவரி 18, புதன்

கடைசி மணி அடிக்கச் சற்று முன் அண்ணி உள்ளே வந்து ஒரு தாளை என் மேசையில் வைத்தார். நான் வரலாறு படித்தவள் இல்லை, ஆனால் எனக்கே தெரிந்தது. போரில் ஜெயித்த அரசனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, தோற்ற ஊரில் அடுத்த வருடம் யார் விதைத்திருப்பார்கள், யார் அறுத்திருப்பார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறது வேறொரு பெண். பாடத்தில் இருப்பதை ஒழுங்காக எழுதிய பிறகு, அதற்கும் மேலே.

அண்ணி போட்டது எண்பத்தாறு. இளம் ஆசிரியை எண்பத்தெட்டு போட்டிருந்தாள்.

பட்டியலில் அந்தப் பெண்ணுக்கு இருந்தது நாற்பத்தைந்து. ஜன்னலோரம் உட்காருகிறவள். ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த வாரமே தேர்வு, நாற்பது வாங்கினாள். பிறகு நாற்பத்துநாலு, நாற்பத்தொன்று, நாற்பத்தைந்து. சேர்ந்த வாரத்து எண்ணிலேயே இரண்டு வருடம் அவளைக் கட்டிப் போட்டிருக்கிறோம்.

"எந்தப் பிள்ளை எதை எழுதும்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன்ல," என்றார் அண்ணி. "எனக்கு ஒண்ணுமே தெரியல."

ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை. பழைய தாள்களை எல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. அவற்றில் என்ன எழுதியிருந்தாள் என்று இனி யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 19, வியாழன்

நான் சொல்லவில்லை. அவரே போய்ச் சொன்னார், வகுப்பு முழுவதும் இருக்கும்போது. வராந்தாவில் நின்று கேட்டேன், ஒட்டுக் கேட்டேன் என்றே எழுதிவிடலாம்.

"ரெண்டு வருஷமா உங்க பேப்பர் எதையும் நான் படிக்கல. படிச்ச மாதிரி மார்க் போட்டேன். தப்பு என்னோடது."

பிறகு ஜன்னலோரத்திலிருந்து அந்தப் பெண் கேட்டாள். கோபமே இல்லை குரலில். நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"அப்போ இனிமே படிப்பீங்களா மிஸ்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது பார்த்து விசில் அந்தப் பக்கம் வந்து தொலைத்தார். ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை நீட்டினார். வியர்வை நாற்றம் தாங்கவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணியின் விளக்கம் வந்தது. இரண்டு பக்கம், ஒரு சப்பைக்கட்டும் இல்லாமல். அலுத்துப்போனது, அலுத்ததை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லியிருக்க வேண்டும் என்று முடித்திருக்கிறார். தாளாளர் முடிவு சொல்லிவிட்டார்: கோப்பில் பதிவு, தேர்வுக் குழுப் பொறுப்பிலிருந்து நீக்கம், ஒரு வருடத்துக்கு அவர் திருத்தும் தாள்களை இன்னொருவரும் படிக்க வேண்டும். குழுப் பொறுப்பு போனதில் அண்ணிக்கு வருத்தம்தான். பதினோரு வருடம் வைத்திருந்தார். மறைக்காமல் சொன்னார்: "வலிக்குது."

எனக்கும் வலித்தது. மாற்றச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

புது மதிப்பெண்கள் ஒட்டியாயிற்று. நாற்பத்திரண்டு பேரில் ஒருவருக்குக்கூடப் பழைய எண் வரவில்லை. ஏறியவர்களின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. இறங்கிய ஒரு பையனின் அப்பா வந்து மேசையைத் தட்டினார். எழுபதாக இருந்தது எப்படி நாற்பத்தொன்பது ஆகும்? நான் பதில் சொல்லுமுன் அண்ணி விடைத்தாளோடு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். முடிவில் அந்த மனிதர் மகனைத் தேடிக்கொண்டு போனார், முகம் சரியில்லை. பையனுக்கு இன்று வீட்டில் திருவிழாதான்.

அறுபத்திரண்டு தனித்தேர்வில் ஐம்பத்தேழு வாங்கியிருக்கிறாள். "எழுதாம இருந்ததே நல்லா இருந்தது மேடம்" என்று முறையிட்டாள். விரட்டிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

பட்டியல் போகும் நாள். நாலு மணிக்கு எழுத்தர் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, அண்ணி மட்டும் பாக்கி. மூன்றரைக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. திரும்ப எழுத்தரையே அனுப்பினேன்.

"'இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு, மேடத்தை இருக்கச் சொல்லுங்க'ன்னாங்க."

நானே பட்டியலை எடுத்துக்கொண்டு போனேன், ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. இந்த வாரத்துத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் முன்னால் பரப்பிக் கிடந்தன. ஒவ்வொரு தாளிலும் பெயர் இருக்கும் மூலையை உள்ளே மடித்து மறைத்திருந்தார். யாருடையது என்று தெரியாமல் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தார், எடுத்தார், பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"அண்ணி, மணி நாலாகப் போகுது."

தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் எனக்கு உயர்த்திக் காட்டினார்.

எழுத்தர் என் பின்னால் வந்து கடிகாரத்தைக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, கதவோரம் நின்றேன்.